யூட்டா பாறைக்காட்டுல பதினோரு நாள்: சேலத்துல இருந்து போன ஒரு ஜோடி (கேள்வி கேட்கலாம்)

#1 கன்னங்குறிச்சிக்காரி · ஞாயிறு, இரவு 9:12

போன மே மாசம் நாங்க ரெண்டு பேரும் அமெரிக்காவுல யூட்டா பக்கம் கார்ல சுத்திட்டு வந்தோம்னு இங்க வேற ஒரு இழையில வாய் தவறிச் சொல்லிட்டேன். அன்னையில இருந்து தனிமடல்ல ஒரே கேள்வி. ஒவ்வொருத்தருக்கா பதில் எழுதுறதுக்கு மொத்தமா இங்கயே கொட்டிடறேன்.

நான் ஸ்கூல் டீச்சர், இவர் வெள்ளிக்கொலுசு வியாபாரம். ரெண்டு பேருக்கும் நாப்பத்தஞ்சு தாண்டியாச்சு. மலையேறின அனுபவம்னு பார்த்தா வருஷா வருஷம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்குப் போறதுதான், அதுவும் கோயில் வாசல் வரைக்கும் வண்டியில. இவர் ஏற்காட்டு இருபது கொண்டை ஊசியையும் ஒரு கையில ஓட்டுவேன்னு பீத்திக்கிற ஆளு. அந்த தைரியத்துலதான் கிளம்பினோம்.

டென்வர்ல என் அண்ணன் மகன் வீடு. அங்க இருந்து மோவாப்ங்கற ஊர் (மூணு ராத்திரி, ஆர்ச்சஸ் பூங்கா அதை ஒட்டித்தான்), அப்புறம் காப்ளின் வேலி, ப்ரைஸ், சயான், பேஜ், மான்யுமென்ட் வேலி, திரும்ப டென்வர். காரை ஒப்படைக்கும்போது மூவாயிரம் கிலோமீட்டர் கிட்ட ஓடியிருந்துச்சு. முதல் ரெண்டு நாள் இண்டிகேட்டர் போடறேன்னு வைப்பரைப் போட்டுட்டே வந்தார். அங்க எல்லாம் இடம்மாறி இருக்கும்.

பாறையைப் பத்தி எப்படி எழுதறதுன்னு தெரியல. நம்ம கரடெல்லாம் யானை படுத்த மாதிரி உருண்டு திரண்டு கிடக்கும்ல? அங்க செங்கல் கலர்ல, மெலிசா, சுவர் சுவரா நிக்குது. சுவத்துல ஓட்டை. ஓட்டை பெருசாகி வளைவு. ஆர்ச்சஸ் பூங்காவுல மட்டும் அப்படி 2,000 வளைவுக்கு மேல இருக்கு. நாங்க பார்த்தது பதினஞ்சு இருக்கும்.

கேளுங்க, தெரிஞ்சதைச் சொல்றேன்.

#2 தட்டுவடை_செட் · ஞாயிறு, இரவு 9:40

அக்கா, தப்பா நினைக்காதீங்க. பாறை பார்க்க பன்னெண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல பறக்கணுமா? பகோடா பாயிண்ட்ல நின்னா பாறை. கரடிக் குகைக்குப் போனா பாறை. நகரமலைக்குப் பின்னாடி எங்க தாத்தா நிலத்துல விதைச்சதே பாறைதான், ஒண்ணும் முளைக்கல.

#3 புதுமாப்பிள்ளை_ஓமலூர் · ஞாயிறு, இரவு 10:05

அக்கா நாங்களும் வர்ற வருஷம் போகலாம்னு இருக்கோம். கல்யாணமாகி எட்டு மாசம். எந்த மாசம் நல்லது? லைசென்ஸ் என்ன பண்ணீங்க? நடக்கறது கஷ்டமா? வெயில் எப்படி? வீட்ல அவங்களுக்கு வெயில் ஒத்துக்காது.

#4 கன்னங்குறிச்சிக்காரி · திங்கள், காலை 6:20

@தட்டுவடை_செட் தம்பி, உங்களுக்கு அப்புறம் வர்றேன்.

@புதுமாப்பிள்ளை லைசென்ஸ் சுலபம். நம்ம ஆர்டிஓ ஆபீஸ்ல சர்வதேச ஓட்டுநர் பெர்மிட் வாங்கிக்கோங்க, ஒரு வருஷம் செல்லும். ஒரிஜினல் லைசென்ஸும் கையில இருக்கணும். மாசம்: ஏப்ரல், மே முதல் பாதி, இல்லன்னா செப்டம்பர் கடைசிக்கு மேல. எனக்கு ஸ்கூல் லீவு மே மாசம்தான், அதனால வேற வழி இல்ல.

வெயில் கேட்டீங்கள்ல, அதை விரிவாவே சொல்றேன். எங்க மானம் போன கதை அது.

மோவாப்ல ரெண்டாவது நாள். டெலிகேட் ஆர்ச் போகணும்னு இவருக்கு ஒரே பிடிவாதம். யூட்டா நம்பர் பிளேட்ல படமா இருக்குமே, அந்த ஒத்தை வளைவு. போக வர அஞ்சு கிலோமீட்டர்கூட இல்ல, ஏத்தம் 480 அடிதான். செல்போன்ல பார்த்தா 31 டிகிரி. 'மே மாசம் சேலத்துல 40 டிகிரியில கடையில உக்காந்திருக்கிறவன் நான், 31 ஒரு வெயிலாடி'ன்னு சிரிச்சார். காலை பத்தரைக்கு நடக்க ஆரம்பிச்சோம்.

நம்மூர் வெயில்ல சட்டை நனையும். நனைஞ்சா தண்ணி குடிக்கணும்னு தோணும். அங்க காத்துல ஈரமே கிடையாது. வேர்வை தோலுக்கு வந்ததும் ஆவியாயிடும். சட்டை காய்ஞ்ச மாதிரியேதான் இருக்கு, ஆனா உடம்புல இருந்து தண்ணி போயிட்டே இருக்கு. அரை மணி நேரத்துல உதடு வெடிச்சிருச்சு. நாக்கு மேல் அண்ணத்துல ஒட்டுது. எனக்கு நெத்தியில சம்மட்டி அடிக்கிற மாதிரி வலி.

பாதிக்கு மேல மண்பாதை முடிஞ்சு மொழுக்குன்னு ஒரே பாறைச்சரிவு. மரமில்லை, மறைப்பில்லை. போர்டும் கம்மி. கல்லு மேல கல்லா சின்னதா அடுக்கி வெச்சிருப்பாங்க. ஒரு அடுக்குகிட்ட நின்னா அடுத்த அடுக்கு கண்ணுக்குத் தெரியும். அதுதான் வழி. நாங்க இடதுபக்கம் அழகா ஒரு அடுக்கு பார்த்தோம், அஞ்சு தட்டைக்கல், பெருசுல இருந்து சிறுசா. அதை நம்பிப் போனோம். அதுக்கப்புறம் இன்னொண்ணு. அதுக்கப்புறம் ஒண்ணும் இல்ல, பாறை விளிம்பு, கீழ பள்ளம். யாரோ போட்டோவுக்காக அடுக்கிட்டுப் போனதாம். அப்படியே முப்பது நாப்பது நிமிஷம் சுத்தியிருக்கோம்.

நல்ல பாதைக்கு வந்ததும் இவர் 'இன்னும் அரை மைல்தான், வா'ங்கறார். நான் ஒரு பாறைக்குப் பின்னாடி, ஒரு முழம் அகல நிழல்ல, முதுகை ஒட்டிட்டு உக்காந்துட்டேன். வரமாட்டேன்னு சொல்லிட்டேன். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்துல அவ்வளவு கறாரா நான் சொன்னதில்லை. எழுபது வயசு இருக்கும், ஒரு வெள்ளைக்காரம்மா நின்னு என் முகத்தைப் பார்த்தாங்க, ஒண்ணும் கேக்காம ஒரு பாட்டில் தண்ணியை என் கையில வெச்சுட்டுப் போயிட்டாங்க. திரும்பிட்டோம்.

அன்னிக்கு ராத்திரி மோட்டல்ல ரெண்டு பேரும் பேசிக்கல. குக்கர்ல வெச்ச சோத்துல புளிக்காய்ச்சல் போட்டுப் பிசைஞ்சு ஆளுக்கொரு மூலையில சாப்பிட்டோம்.

மறுநாள் காலை நாலே முக்காலுக்கு நெத்தி லைட்டைக் கட்டிட்டுக் கிளம்பினோம். (அப்போ காலை ஏழு மணிக்கு முன்னாடி பூங்காவுக்குள்ள போயிட்டா நேர முன்பதிவு தேவையில்லைன்னு வெச்சிருந்தாங்க. விதி மாறிட்டே இருக்கும், போறப்ப பார்த்துக்கோங்க.) கடைசி இருநூறு கெஜம் பாறையை ஒட்டின மாதிரி ஒரு விளிம்புப் பாதை. அது திரும்பற இடத்துல சட்டுனு எதிர்ல நிக்குது. உள்வெளி மட்டும் 46 அடி உயரம். போட்டோவுல அது எவ்வளவு பெருசுன்னு தெரியவே தெரியாது. மொத்தம் ஆறு பேர்தான் இருந்தோம். யாரும் பேசல.

#5 தட்டுவடை_செட் · திங்கள், காலை 8:02

சரி அக்கா, கொஞ்சம் இறங்கி வர்றேன். ஆனா ஒரு சந்தேகம். கல்லு மேல கல்லு அடுக்கறது நம்மூர்லயும் உண்டே? மலைக்கோயில் போனா சொந்த வீடு வேணும்னு வேண்டிக்கிட்டு அடுக்குவாங்களே.

#6 கன்னங்குறிச்சிக்காரி · திங்கள், காலை 8:15

அதைத்தான் தம்பி எழுத மறந்துட்டேன். பூங்கா ஆபீஸ்ல ரேஞ்சரம்மாகிட்ட வழி தப்பின கதையைச் சொன்னேன். இப்படிப் புதுசா அடுக்கறதைப் பார்த்தா கலைச்சு விடறது அவங்க வேலையில ஒண்ணாம். 'யாருக்குத்தான் இப்படிக் கல்லடுக்கற புத்தி வருமோ'ன்னு நான் வீராவேசமா பேசிட்டு வெளிய வந்தேன். கார்ல ஏறினதும் இவர், 'நீ வீடு வேணும்னு எத்தனை கோயில்ல அடுக்கியிருக்க, ஞாபகம் இருக்கா?'ன்னார். நாலு கோயில்.

#7 தட்டுவடை_செட் · திங்கள், காலை 8:17

வீடு கட்டியாச்சா?

#8 கன்னங்குறிச்சிக்காரி · திங்கள், காலை 8:18

கட்டியாச்சு. லோன் 2034 வரைக்கும் ஓடும்.

#9 அதே_வீட்டுக்காரர் · திங்கள், இரவு 10:31

வணக்கம். இந்த இழையில அடிபடற 'இவர்' நான்தான். இன்னிக்குத்தான் கணக்கு ஆரம்பிச்சேன்.

எங்க வீட்டம்மா ஒண்ணை மறைச்சு எழுதியிருக்காங்க, என் மானத்தைக் காப்பாத்த. நானே சொல்லிடறேன். காலையில ரெண்டு லிட்டர் பாட்டில் ரெண்டு நிரப்பி வெச்சோம். ஒண்ணு அவங்க பையில. இன்னொண்ணு என் பையில இருக்கறதா நான் சொன்னேன். அது கார் கதவுலயே இருந்துச்சு. நடக்க ஆரம்பிச்சு பத்து நிமிஷத்துல எனக்குத் தெரிஞ்சிருச்சு. திரும்பிப் போக சோம்பேறித்தனம். சொல்லவும் கூச்சம். அவங்க குடிக்கக் கொடுத்தப்ப எல்லாம் 'எனக்கு வேண்டாம், உன்கிட்டயே வெச்சுக்கோ'ன்னு தியாகி மாதிரி நடிச்சேன். அது பாறைச்சரிவு வர்றதுக்குள்ளயே தீர்ந்து போச்சு. ராத்திரி பேசிக்காம இருந்ததுக்குக் காரணம் அரை மைல் இல்லை, அந்தப் பாட்டில்.

மத்தபடி வைப்பர் விஷயம் மிகைப்படுத்தப்பட்டது. ஒரு நாள்தான்.

#10 டென்வர்_செவ்வாய்ப்பேட்டை · செவ்வாய், காலை 5:50

அண்ணா, இதைப் பொதுவெளியில ஒத்துக்கிட்டதுக்கே உங்களுக்கு ஒரு கும்பிடு.

நான் இங்க பதினாலு வருஷமா இருக்கேன், வருஷத்துக்கு ரெண்டு தடவை அந்தப் பக்கம் போவேன். ஓமலூர் தம்பிக்கு சில விஷயம். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலன், அதாவது நாலு லிட்டர் கிட்ட, தண்ணி கணக்குப் போடுங்க. நடக்கறப்ப குறைஞ்சது ரெண்டு லிட்டர் முதுகுல இருக்கணும், கார் கதவுல இல்ல 🙂 வெறும் தண்ணி மட்டும் குடிச்சா பத்தாது, உப்பும் உள்ள போகணும். ஊறுகாயும் தட்டுவடையும் எடுத்துட்டுப் போங்க, கிண்டலுக்குச் சொல்லல.

மே மாசக் கடைசித் திங்கள் இங்க நினைவுநாள் விடுமுறை. அதை ஒட்டின சனி ஞாயிறுல மோவாப் பக்கம் தலைவெச்சும் படுக்காதீங்க. நம்ம ஏற்காடு கோடை விழா ஞாயிற்றுக்கிழமை எப்படி இருக்கும், அதுல பாதி.

ஐ-70 ரோட்டுல கிரீன் ரிவர் ஊரைத் தாண்டினா சலைனா வரைக்கும் 170 கிலோமீட்டருக்கு மேல பெட்ரோல் பங்க், கடை, எதுவும் கிடையாது. பாதி டேங்க் இருக்கேன்னு போகாதீங்க.

அப்புறம் வெள்ளம். இது விளையாட்டு இல்ல. பேஜ் பக்கத்துல ஆண்டிலோப் கேன்யன்னு ஒரு இடுக்கு. கை ரெண்டையும் நீட்டினா ரெண்டு சுவரும் தட்டுற அளவுக்குக் குறுகலான இடமெல்லாம் உண்டு. 1997 ஆகஸ்ட் 12 அன்னிக்கு அங்க பதினோரு சுற்றுலாப் பயணிகள் வெள்ளத்துல செத்துப் போனாங்க. மழை பெஞ்சது எங்கயோ பல மைல் தள்ளி. பாறை தண்ணியை உறிஞ்சாது, பெய்யறதெல்லாம் ஓடி இடுக்குக்குள்ள வந்துரும். இப்போ நவஹோ பழங்குடி வழிகாட்டி இல்லாம உள்ள விடமாட்டாங்க. ஜூலை, ஆகஸ்ட் மழைக்காலம், அப்போ போறவங்க வானிலையைப் பார்க்காம எந்த இடுக்குலயும் இறங்காதீங்க.

#11 புதுமாப்பிள்ளை_ஓமலூர் · செவ்வாய், காலை 9:11

ரொம்ப நன்றி அண்ணா. பாலைவனத்துல வெள்ளமான்னு வீட்ல கேக்கறாங்க.

#12 தட்டுவடை_செட் · செவ்வாய், காலை 9:30

நல்ல கேள்வி. எனக்கும் ஒண்ணு இருக்கு, யாராவது படிச்சவங்க சொல்லுங்க. நம்ம சேர்வராயன் மலையும் பாறைதான், அங்கயும் பாறைதான். அங்க மட்டும் எப்படி ஓட்டை விழுது? நம்ம பாறைக்கு என்ன குறைச்சல்?

#13 பழைய_பாறை_வாத்தியார் · செவ்வாய், மாலை 4:48

குறைச்சல் எதுவும் இல்லை தம்பி. நம் பாறைக்குக் கெட்டித்தனம் அதிகம், அதுதான் காரணம். முப்பது வருடம் நிலவியல் நடத்தியவன் என்பதால் கொஞ்சம் நீளமாகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சேர்வராயன் மலைப் பாறைக்குப் பெயர் சார்னகைட். கல்கத்தாவில் ஜாப் சார்னாக் கல்லறையில் வைத்த கல்லை ஆராய்ந்து 1893-ல் தாமஸ் ஹாலண்ட் வைத்த பெயர். நம் மலையின் பாறைக்கு ஏறக்குறைய 250 கோடி வயது. பூமிக்குள் இருபது கிலோமீட்டருக்கும் கீழே, பெரும் சூட்டிலும் அழுத்தத்திலும் வெந்து, படிகங்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு உருவானது. கமர்கட்டு மாதிரி என்று வையுங்கள். பாகும் தேங்காயும் தனித்தனியாகப் பிரியாது.

ஆர்ச்சஸ் பூங்காவில் இருப்பது மணற்கல். பதினைந்து கோடி வருடத்துக்கு மேல் வயது, நம் பாறைக்குக் கொள்ளுப்பேரன். காற்று குவித்த மணல், நீர் கொண்டு வந்து போட்ட மணல் எல்லாம் அடுக்கடுக்காகப் படிந்து, இடையில் சுண்ணாம்புச் சத்து இறங்கி ஒட்டிக்கொண்டது. இது பொரி உருண்டை. மணல்தான் பொரி, சுண்ணாம்புதான் வெல்லப்பாகு. பொரி உருண்டையை ஈரத்தில் வைத்தால் என்ன ஆகும்? பாகு இளகும், பொரி உதிரும். மழைநீரில் லேசான அமிலம் உண்டு, அது சுண்ணாம்பைக் கரைக்கிறது. குளிரில் விரிசலுக்குள் நீர் உறைந்தால் ஒன்பது சதவீதம் பருக்கும், ஆப்பு வைத்த மாதிரி பிளக்கும்.

சரி, சுவர் எப்படி வந்தது? அதற்குக் காரணம் அடியில் இருக்கும் உப்பு. சுமார் 30 கோடி வருடத்துக்கு முன் அங்கே ஒரு கடல் திரும்பத் திரும்ப வற்றி ஆயிரக்கணக்கான அடிக்கு உப்பைப் படியவைத்தது. மேலே மண்ணும் கல்லும் ஏற ஏற, பாரம் தாங்காமல் உப்பு மெதுவாகப் பிதுங்கி நகர்ந்தது. இடியாப்பக் கட்டையை அழுத்தினால் மாவு வழி தேடுவது போல. அது ஒரு இடத்தில் மேலே புடைத்தபோது, அதன்மேல் இருந்த மணற்கல் இணை இணையாக வெடித்தது. வெடிப்பில் நீர் இறங்கி அரித்தது. மிஞ்சியது சுவர். சுவரின் இளகிய பகுதி உதிர்ந்து துளை, துளை வளர்ந்து வளைவு.

ஆகவே ஓமலூர்த் தம்பியின் துணைவியாரிடம் சொல்லுங்கள்: அந்தப் பாலைவனத்தைச் செதுக்கியதே நீர்தான்.

நம் ஊரில் பனி உறைவது கிடையாது. வெப்பமும் மழையும் சேர்ந்து, பாறையின் மூலைகளை முதலில் தின்னும். அதனால் உருண்டைக்கல். வெங்காயத் தோல் மாதிரி பொருக்கு பொருக்காக உரியும். மலை உச்சியில் மழை எல்லாவற்றையும் கரைத்துக்கொண்டு போய், மிஞ்சிய அலுமினியச் சத்துதான் ஏற்காட்டு பாக்சைட்.

இன்னொன்று. அங்கே சிவப்புக்குக் காரணம் இரும்புத் துரு. நம் செம்மண்ணுக்கும் அதேதான். அந்த விஷயத்தில் இரண்டு ஊரும் பங்காளி.

#14 தட்டுவடை_செட் · செவ்வாய், மாலை 5:20

ஐயா, உங்ககிட்ட படிச்சிருந்தா நானும் பாஸாகியிருப்பேன். அப்படின்னா அந்த வளைவெல்லாம் ஒருநாள் விழுந்துருமா?

#15 பழைய_பாறை_வாத்தியார் · செவ்வாய், மாலை 5:41

விழுந்துகொண்டேதான் இருக்கிறது. லேண்ட்ஸ்கேப் ஆர்ச் என்று ஒன்று, 90 மீட்டருக்கு நாடா மாதிரி நீண்டிருக்கும். 1991-ல் அதன் அடியிலிருந்து 60 அடி நீளப் பலகை ஒன்று பெயர்ந்து விழுந்தது. அதற்குப் பிறகு அடியில் போகும் பாதையை மூடிவிட்டார்கள். 2008-ல் வால் ஆர்ச் என்பது முழுசாகவே சரிந்துவிட்டது.

பாக்சைட் எடுத்தவர்கள் மலையை எப்படி விட்டுவிட்டுப் போனார்கள் என்பதையும் பேசவேண்டும், ஆனால்

#16 நெறியாளர் · செவ்வாய், மாலை 5:44

ஐயா, அதற்குத் தனி இழை இருக்கிறது. அங்கே போன மாதம் நடந்த சண்டையே இன்னும் ஆறவில்லை. இங்கே யூட்டா மட்டும்.

#17 கன்னங்குறிச்சிக்காரி · புதன், இரவு 9:05

வாத்தியார் ஐயா, பொரி உருண்டையை நாளைக்கே என் எட்டாம் வகுப்புல சொல்லப் போறேன், அனுமதி கொடுங்க.

மிச்சத்தையும் எழுதிடறேன். மோவாப்ல ஒரு போட்டோவுக்காக இவர் பாதையை விட்டு நாலடி மண்ணுல இறங்கினார். பின்னாடி வந்த ஒரு சின்னப் பையன், பத்து வயசுகூட இருக்காது, 'மிஸ்டர், நீங்க உயிர் மேல நிக்கறீங்க'ன்னான். குனிஞ்சு பார்த்தோம். மண்ணு மேல கருப்பா, சொரசொரன்னு ஒரு பொருக்கு, அடிப்பிடிச்ச தோசை மாதிரி. நீலப்பச்சைப் பாசியும் பூஞ்சையும் சேர்ந்து மண்ணைக் கட்டிப் பிடிச்சு வெச்சிருக்கிறதாம். அதுதான் காத்துல மண்ணு பறக்காம காக்குது. ஒரு மிதி மிதிச்சா திரும்ப வளர பல பத்து வருஷம். இவர் அதே கால்தடத்துல திரும்ப அடி வெச்சு வெளிய வந்த காட்சி இருக்கே!

ப்ரைஸ் எனக்கு ரொம்பப் பிடிச்சது. வளைவு இல்ல, ஆயிரக்கணக்குல தூண். மேல இருந்து பார்த்தா கோபுரத்துல பொம்மைங்க நெருக்கியடிச்சு நிக்கிற மாதிரி. அங்க வருஷத்துல 170, 200 நாள் ராத்திரி உறைஞ்சு பகல்ல உருகுமாம், அதுதான் சிற்பி. ஒரு எச்சரிக்கை: சேர்வராயன் கோயில் 5,300 அடி சொச்சம், ப்ரைஸ் விளிம்பு 8,000 அடிக்கு மேல. இறங்கறப்ப ஜாலியா இறங்கிட்டோம். ஏறி வர்றப்ப பத்தடிக்கு ஒருதரம் நின்னோம். நம்ம மலையில ஏறிட்டு இறங்குவோம், அங்க முதல்ல இறக்கம், மிச்சமிருக்கிற தெம்பு எவ்வளவுன்னு தெரியாது.

சயான்ல கூட்டம். மான்யுமென்ட் வேலியில 17 மைல் மண்ரோடு, கார் பல்லு கிட்டிச்சு. அவ்வளவுதான் அதைப் பத்தி.

#18 புதுமாப்பிள்ளை_ஓமலூர் · புதன், இரவு 9:33

அக்கா, போறதுக்கு முன்னாடி இங்க எங்க நடந்து பழகலாம்?

#19 கன்னங்குறிச்சிக்காரி · புதன், இரவு 9:50

நாங்க மூணு மாசம் மூக்கனேரிக் கரையில தினம் காலையில நடந்தோம். அது சமதரை, பத்தல. காட்டுக்குள்ள நீங்களா போயிடாதீங்க. 2018 குரங்கணித் தீக்கு அப்புறம் கெடுபிடி அதிகம், அது நியாயமும்கூட. 2024 அக்டோபர்ல ஆரம்பிச்ச 'ட்ரெக் தமிழ்நாடு' தளத்துல நம்ம மாவட்டப் பாதையும் இருக்கு, பதிவு பண்ணினா வனத்துறை வழிகாட்டி கூட வருவாங்க. ஷூவை இங்கயே போட்டு நடந்து பழக்கிடுங்க. புது ஷூவோட அங்க இறங்கினா கொப்புளம்தான்.

#20 ஜருகுமலை_அடிவாரம் · வியாழன், காலை 7:14

நான் படிக்கிறதோட சரி, எழுதறதில்ல. ஒண்ணு கேக்கணும்னு தோணுச்சு.

எங்கப்பா கல்லுடைக்கிற வேலை. புதுசா ஒரு பாறைக்குப் போனா முதல்ல உளியை எடுக்க மாட்டார். சின்னச் சுத்தியால அங்கங்க தட்டி, காதைச் சாய்ச்சுக் கேப்பார். கணீர்னு வந்தா கல்லு நல்ல கல்லு. பொத்துனு வந்தா உள்ள வெடிப்பு இருக்கு, இல்ல பொருக்கு விட்டிருக்குன்னு அர்த்தம், அந்தப் பக்கம் ஆப்பு வைக்க மாட்டார். எங்க மலைக் கல்லு கோயில் மணி மாதிரி கேக்கும். அப்பாவுக்கு இப்ப காது சரியா கேக்காது. நேத்து இந்த இழையை அவருக்கு உரக்கப் படிச்சுக் காட்டினேன். எல்லாம் கேட்டுட்டு அவர் கேட்டது ஒண்ணுதான்: 'அந்தக் கல்லு தட்டினா எப்படிக் கேக்கும்?'

அங்க யாராவது தட்டிப் பார்த்தீங்களா?

#21 கன்னங்குறிச்சிக்காரி · வியாழன், காலை 7:40

பதினோரு நாள் அந்தப் பாறைங்க நடுவுல இருந்துட்டு இது எனக்குத் தோணவே இல்லையே! அப்பாவுக்கு என் வணக்கம் சொல்லுங்க.

#22 அதே_வீட்டுக்காரர் · வியாழன், காலை 11:20

நான் தட்டினேன். சுத்தியால இல்ல, உள்ளங்கையால. நாங்க பாதியில திரும்பினோமே, அப்போ அவங்க அந்த நிழல்ல கண்ணை மூடி உக்காந்திருந்தாங்க. எனக்கு என்ன பண்றதுன்னு தெரியல. பக்கத்துல நின்னு அந்தப் பாறையைத் தட்டிட்டே இருந்தேன்.

அப்பாகிட்ட சொல்லுங்க: சத்தமே வரல. அரிசி மூட்டையைத் தட்டின மாதிரி ஒரு பொத்து. கையை எடுத்தா உள்ளங்கை பூரா செம்மணல். அதை அப்படியே சட்டையில துடைச்சேன்.

#23 கன்னங்குறிச்சிக்காரி · வியாழன், காலை 11:26

ஓ. அந்த வெள்ளைச் சட்டையா. மூணு தடவை ஊறப்போட்டும் போகல, என்ன கறைன்னு கேட்டப்ப தக்காளி சாஸ்னு சொன்னீங்க.